ஹாலுக்குச் சின்னதாக, அழகாக ஒரு ஜோடி ஸ்பீக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளாட் வீட்டில் ஹால் எல்லோருக்கும் பொது. டிவி அங்கேதான், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் அங்கேதான், விருந்தாளி வந்தால் உட்காருவதும் அங்கேதான். பல வீடுகளில் பூஜை அலமாரியும் அங்கேதான் இருக்கும். அந்த இடத்தில் பாட்டு கேட்க நல்ல ஸ்பீக்கர் தேடுபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வைக்கப்போகும் இடத்தையும் அங்கே புழங்குபவர்களையும் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஸ்பீக்கருக்கு வரவேண்டும் என்பது என் கட்சி. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

கடைக்குப் போவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

டேப்பை எடுத்து அலமாரியை அளந்துவிடுங்கள். உயரமும் அகலமும் எல்லோரும் பார்ப்பார்கள். காலை வாருவது ஆழம். நம் வீட்டு ஷோகேஸ், டிவி யூனிட்டுகளின் தட்டு பெரும்பாலும் 10 முதல் 12 அங்குல ஆழத்தில் இருக்கும். கெஃப் நிறுவனத்தின் எல்எஸ்50 மெட்டா என்ற பிரபலமான ஸ்பீக்கர் 30 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம், படத்தில் கைக்கு அடக்கமாகத் தெரியும். ஆனால் ஆழம் ஏறக்குறைய 28 செ.மீ., அதாவது 11 அங்குலம். அதன் பின்னால் ஒயர் செருக இடம் விட வேண்டும், பாஸுக்காகப் பெட்டியில் விடும் காற்றுத் துளையும் பின்னால்தான். 12 அங்குலத் தட்டில் அது உட்காராது.

வார்ஃப்டேல் லின்டன் இன்னொரு உதாரணம். ஷெல்ஃபில் வைக்கும் வகை என்றுதான் விற்கிறார்கள். உயரம் 56 செ.மீ., ஒன்றின் எடை 18 கிலோவுக்கு மேல். அதற்கென்று தனி ஸ்டாண்டு வேண்டும். மறுபக்கம், கெஃப் எல்எஸ்எக்ஸ் 24 செ.மீ. உயரம், 18 செ.மீ. ஆழம். எடிஃபையர் ஆர்1280 வரிசை 23 செ.மீ. உயரம், 20 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான ஆழம். இவை இரண்டும் சாதாரண ஷோகேஸில் நிம்மதியாக உட்காரும்.

வீட்டில் இன்னும் யாரும் சம்மதிக்கவில்லை. எப்படிப் பேசுவது?

பேசாதீர்கள், காட்டுங்கள். ஸ்பீக்கரின் அளவுக்கு இரண்டு அட்டைப்பெட்டிகளைத் தேடி எடுங்கள். வாங்க நினைக்கும் நிறத்தில் காகிதம் சுற்றி, வைக்கப்போகும் இடத்திலேயே ஒரு வாரம் வைத்துவிடுங்கள். அலமாரிக் கதவைத் திறந்தால் இடிக்கிறதா, சாமி படத்தை மறைக்கிறதா, தூசி தட்ட வருபவர் கைக்கு எட்டுகிறதா என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். பெட்டி யார் கண்ணையும் உறுத்தவில்லை என்றால் ஸ்பீக்கரும் உறுத்தாது. உறுத்தினால், பணம் போடுவதற்கு முன்பே தெரிந்துகொண்டீர்கள்.

இந்தப் பேச்சில் அழகை இரண்டாம்பட்சமாக நினைக்க வேண்டாம். எல்லோரும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் பொருள் அது. வீட்டில் மற்றவருக்குப் பிடிக்காத ஸ்பீக்கர் ஒரு வருடத்தில் பரணுக்குப் போய்விடும்.

பெட்டி இவ்வளவு சின்னதாக இருந்தால் ஒலி நன்றாக இருக்குமா?

இருக்கும். இதற்கு ஒலித்துறையிலேயே பெரிய சான்று உண்டு. 1970களில் பிரிட்டனின் பிபிசி பொறியாளர்கள், ஒலிபரப்பு வேனுக்குள் வைத்து நிகழ்ச்சியைக் கண்காணிக்க ஒரு சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தார்கள். எல்எஸ்3/5ஏ என்று பெயர். ஓர் அடி உயரம், ஏழரை அங்குல அகலம், துளையில்லாத மூடிய பெட்டி. மனிதக் குரல் இயல்பாகக் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் முக்கிய வேலை. ரோஜர்ஸ், ஸ்பெண்டார் போன்ற நிறுவனங்கள் பிபிசியின் உரிமம் பெற்று அதைத் தயாரித்து விற்றன. இன்றும் ஆர்வலர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். 2012இல் வந்த முதல் எல்எஸ்50க்கும் தூண்டுதல் அதுதான்.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் அது அப்படி ஒலித்தது. ஜோசப் ஆண்டன் ஹாஃப்மன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் இத்துறையில் ஒரு விதி சொல்வார்கள்: சிறிய பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த பவரில் அதிக சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். பெட்டி சிறியது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால் மீதி இரண்டில் ஒன்றாவது குறையும். எல்எஸ்3/5ஏவில் அடி பாஸும் இல்லை, சத்தமும் குறைவு. குரல் மட்டும் அற்புதம். இப்போது வரும் உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் வைத்த சின்ன ஸ்பீக்கர்கள், பவரைக் கொட்டி பாஸைக் கறந்துவிடுகின்றன. எல்எஸ்எக்ஸ் அந்த வழியில் வந்ததுதான். அதிலும் சத்தத்தை ரொம்ப ஏற்றினால் முதலில் கைவிடுவது பாஸ்தான்.

பாஸ் குறைந்தால் பாட்டு சப்பென்று இருக்காதா?

எந்தப் பாட்டு என்பதைப் பொறுத்தது. பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 4 அங்குல வூஃபர் (பாஸை ஒலிக்கும் பெரிய வட்டு) கொண்ட ஸ்பீக்கர் அந்த அடி சுரத்தைப் பாதியும் கொடுக்காது. ஆனால் அதோடு சேர்ந்தே பிறக்கும் மேல் சுரங்கள் கேட்பதால் காது இட்டு நிரப்பிக்கொள்ளும். குரல், வயலின், புல்லாங்குழல், வீணை ஆகியவற்றில் நீங்கள் எதையும் இழக்க மாட்டீர்கள். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் வரும் கும்கி என்ற ஆழமான நாதம் கொஞ்சம் மெலிந்து கேட்கும். 5 அல்லது 5.25 அங்குல வூஃபர் இருந்தால் அதுவும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

புதுப்பட டான்ஸ் பாட்டு நெஞ்சில் இடிக்க வேண்டும் என்பவர்களுக்கு, அடி பாஸுக்கென்றே தனிப் பெட்டியாக வரும் சப்வூஃபர்தான் வழி. நான் பொது ஹாலுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒருவர் கேட்க, பக்கத்து அறையில் படிப்பவருக்கும் கீழ்வீட்டுக்காரருக்கும் சேர்ந்து போவது அந்த அடி பாஸ்தான். அளவான பாஸ் தரும் சின்ன ஸ்பீக்கர் இந்த இடத்துக்குத் தோதானது. பின்னால் மனம் மாறினால் சேர்த்துக்கொள்ள, சப்வூஃபர் இணைப்பு உள்ள மாடலாகப் பார்த்து வாங்கிவிட்டால் போதும்.

ஆம்ப்ளிஃபையர் தனியாக வாங்குவதா, உள்ளேயே இருப்பதை வாங்குவதா?

பொது ஹாலுக்கு உள்ளேயே இருப்பதுதான். தனி ஆம்ப் என்றால் இன்னொரு பெட்டி, அதற்கு ஓர் இடம், காற்றோட்டம், ரிமோட், அதிகப்படி ஒயர் எல்லாம் வந்து சேரும். வீட்டில் உங்களைத் தவிர யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

தனி ஆம்ப் வைப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்பீக்கர் முப்பது வருடம் ஓடும். உள்ளே இருக்கும் ப்ளூடூத், வைஃபை பாகங்கள் அவ்வளவு நாள் தாங்காது, தாங்கினாலும் காலாவதியாகிவிடும். ரெக்கார்டு பிளேயர், பழைய டெக் என்று ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பவர்களும், கொஞ்சம் கொஞ்சமாகத் தரம் உயர்த்த நினைப்பவர்களும் அந்த வழியில் போகலாம். டாலி, வார்ஃப்டேல், க்யூ அக்கௌஸ்டிக்ஸ், எலாக் எல்லாம் அப்படிப்பட்ட நல்ல சின்ன ஸ்பீக்கர் செய்கிறார்கள். கொல்கத்தாவின் சோனோடைன் நம் நாட்டுக்காரர்கள். அவர்களும் நெடுங்காலமாக இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். பட்ஜெட் போடும்போது மட்டும் ஆம்ப், ஒயர் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். ஸ்பீக்கர் விலையை மட்டும் பார்த்துவிட்டு அப்புறம் திணறுபவர்கள் நிறைய.

எத்தனை வாட்ஸ் வேண்டும்?

நினைப்பதைவிட மிகக் குறைவு. ஸ்பீக்கரின் விவரத்தில் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். 86 டெசிபல் என்று போட்டிருந்தால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம் வரும் என்று பொருள். சோபா இரண்டரை மீட்டர் தள்ளி இருந்தாலும், ஜோடி ஸ்பீக்கர் தலா 1 வாட்டில் ஒரு சாதாரண ஹாலில் 80 டெசிபலை எட்டிவிடும். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது 60 டெசிபல் அளவுதான். ஆக, நாம் தினமும் கேட்பது 1 வாட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தவில் தனி ஆவர்த்தனம் மாதிரி திடீரென்று எகிறும் இடங்களுக்குத்தான் மீதி. சத்தம் 3 டெசிபல் கூட வேண்டுமானால் பவர் இரண்டு மடங்காக வேண்டும். 20 முதல் 50 வாட்ஸ் ஆர்எம்எஸ் (விடாமல் தொடர்ந்து தரும் பவர்) தாராளம். எடிஃபையர் ஆர்1280 வரிசை இரண்டும் சேர்த்து 42 வாட்ஸ்தான். நடுத்தர ஹாலுக்கு அதுவே எட்டும்.

அட்டையில் 2000, 5000 வாட்ஸ் பிஎம்பிஓ (கணநேர உச்ச பவர்) என்று அச்சடித்திருந்தால் அந்த எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். அதற்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது. ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள்.

ஷோகேஸ் தட்டுக்குள் வைத்தால் ஒலி கெட்டுப்போகுமா?

வைக்கும் விதத்தில் இருக்கிறது. இங்கேதான் பலர் நல்ல ஸ்பீக்கரை வாங்கிக் கெடுத்துவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுவரை ஒட்டி வைத்தால் பாஸ் கூடும், மூலையில் வைத்தால் இன்னும் கூடும். பாஸ் எல்லாத் திசைக்கும் பரவுவது. பின்னால் போவது சுவரில் பட்டு முன்னாலேயே வந்து சேர்கிறது. சின்ன ஸ்பீக்கருக்கு இது ஓரளவு நல்லதே. ஆனால் மூன்று பக்கமும் அடைத்த தட்டுக்குள் தள்ளிவிட்டால் ஆண் குரல் எல்லாம் குடத்துக்குள் பேசுவது போல ஆகிவிடும்.

ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்போடு சமமாக வரும்படி முன்னே இழுத்து வையுங்கள். உள்ளே தள்ளினால் மேல்தட்டும் பக்கச்சுவரும் ஒலியைப் பிரதிபலித்துக் குழப்பும். இரண்டு பக்கமும் மேலேயும் மிச்சமுள்ள இடத்தில் புத்தகங்களை அடுக்கிவிடுங்கள். ஒன்று போல இல்லாமல் முன்னும் பின்னுமாக இருந்தால் இன்னும் நல்லது. அடியில் தடித்த ரப்பர் அல்லது ஃபோம் பேடு போட்டால் தட்டு அதிராது. கண்ணாடிக் கதவு உள்ள ஷோகேஸில் எந்த ஸ்பீக்கரும் வேண்டாம், கதவு கிடுகிடுவென்று சேர்ந்து பாடும்.

காற்றுத் துளை பின்னால் உள்ள ஸ்பீக்கருக்குப் பின்னே நாலைந்து அங்குலமாவது இடம் வேண்டும். அவ்வளவு இடம் இல்லை என்றால் துளை முன்னால் உள்ளதை வாங்குங்கள். எடிஃபையர் ஆர்1280 அப்படித்தான். ஏற்கெனவே பின்துளை ஸ்பீக்கர் வாங்கிவிட்டவர்கள் துளைக்குள் ஃபோம் அடைப்பைச் செருகலாம். க்யூ அக்கௌஸ்டிக்ஸ், கெஃப் போன்றவர்கள் அதைப் பெட்டியிலேயே வைத்துத் தருகிறார்கள்.

எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

மேல் சுரங்களை ஒலிக்கும் சின்னக் குமிழான ட்வீட்டர், சோபாவில் உட்கார்ந்தவரின் காது மட்டத்தில். தரையிலிருந்து 90 முதல் 100 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அலமாரி அதைவிட உயரம் என்றால் ஸ்பீக்கரைத் தலைகீழாக வைக்கலாம். ட்வீட்டர் கீழே வந்துவிடும், ஒலிக்கு எந்தக் குறையும் இல்லை. பின்னங்காலில் சின்ன ரப்பர் கட்டை கொடுத்து முன்பக்கம் லேசாகச் சாய்ப்பதும் நடக்கும், நழுவாமல் பார்த்துக்கொண்டால்.

படுக்க வைப்பது மட்டும் வேண்டாம். வூஃபரும் ட்வீட்டரும் பக்கம் பக்கமாக வந்தால் நடுவில் இருப்பவருக்கு ஒரு மாதிரியும் ஓரத்தில் இருப்பவருக்கு வேறு மாதிரியும் கேட்கும். வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டர் இருக்கும் கெஃப் வகைக்கு இந்தத் தொல்லை கிடையாது.

நடுவில் உட்கார்ந்தால்தான் நன்றாகக் கேட்குமாமே? எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மூலை.

ஸ்டீரியோவின் இயல்பு அது. ஒருவர் இடது ஓரத்தில் உட்கார்ந்தால் இடது ஸ்பீக்கரே முழுவதும் பாடுவது போல இருக்கும். இதற்கு ஒரு நல்ல கைவழி உண்டு, காசு செலவில்லாதது. இரண்டு ஸ்பீக்கரையும் நன்றாக உள்பக்கம் திருப்பி, அவற்றின் நேர்கோடுகள் சோபாவுக்கு ஓரடி இரண்டடி முன்பாகவே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்படி வையுங்கள். இப்போது இடது ஓரத்தில் இருப்பவருக்கு இடது ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தாலும் அது அவரைப் பார்க்காது. தூரத்தில் உள்ள வலது ஸ்பீக்கர் நேராக அவரைப் பார்க்கும். பக்கத்தில் உள்ளது மங்கும், தூரத்தில் உள்ளது தெளியும். நடுவில் வர வேண்டிய குரல் ஏறக்குறைய நடுவிலேயே நிற்கும்.

டாலி நிறுவனம் இதற்கு நேர்மாறாக, தங்கள் ஸ்பீக்கரைத் திருப்பாமல் நேராகவே வைக்கச் சொல்கிறது. ஒலி பக்கவாட்டில் விரிந்து பரவும்படி அவற்றை வடிவமைத்திருக்கிறார்கள். பலர் பல இடத்தில் உட்காரும் ஹாலுக்கு அந்தக் குணமும் நல்லதே. அலமாரித் தட்டில் ஸ்பீக்கரைத் திருப்ப இடம் இல்லாதவர்கள் முதலில் அவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

கடையில் இனிமையாக இருந்தது, வீட்டில் காது கூசுகிறது. ஏன்?

தரைதான். டைல்ஸ் அல்லது கிரானைட் தரை, சிமென்ட் சுவர், சிமென்ட் கூரை: எதிலும் ஒலி உறிஞ்சப்படுவதில்லை. ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு ஒரு சின்ன ரீங்காரம் தொடர்ந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே தரையில் தடித்த விரிப்பு ஒன்றைப் போடுங்கள். பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டாலே ஸ, ஷ எழுத்துகளின் கூச்சல் குறைவது தெரியும். ஜன்னலுக்கு மடிப்பு நிறைய வைத்துத் தைத்த கனமான திரை, துணி சோபா, திறந்த புத்தக அலமாரி எல்லாமே உதவும். துணி உறிஞ்சுவது மேல் சுரங்களை மட்டும்தான்; பாஸ் அதைக் கண்டுகொள்ளாது. பாஸ் திமிறினால் ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்துவதுதான் மருந்து.

வாங்கும்போதே கவனிக்க முடியுமென்றால், டைல்ஸ் ஹாலுக்குத் துணிக்குமிழ் ட்வீட்டர் உள்ள, மென்மையான ஒலி கொண்ட ஸ்பீக்கர் பொருந்தும். க்ளிப்ஷ் மாதிரி துடிப்பான மேல் சுரம் உள்ளவற்றை விரிப்பும் திரையும் நிறைந்த அறையில் ரசிக்கலாம்.

அம்மாவுக்கு சீரியல் வசனம் புரிய வேண்டும். டிவியுடன் இணைக்கலாமா?

கட்டாயம் இணைக்க வேண்டும், ஸ்பீக்கர் வாங்க வீட்டில் கிடைக்கும் வலுவான நியாயமே அதுதான். இப்போதைய மெல்லிய டிவிக்களில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ இருக்கிறது. வசனம் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால்தான் வயதானவர்கள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். முகத்தை நேராகப் பார்க்கும் ஜோடி ஸ்பீக்கரில் குறைந்த சத்தத்திலேயே வார்த்தை தெளிவாகும்.

டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ ஒயர் வழியாகவே ஸ்பீக்கருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி இணைப்பு உள்ளதாக வாங்குங்கள். டிவியைப் போட்டால் ஸ்பீக்கரும் எழுந்துகொள்ளும், டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டிக் குறைக்கலாம், அம்மா புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். எல்எஸ்எக்ஸ் 2, க்ளிப்ஷ் தி ஃபைவ்ஸ் போன்றவற்றில் அது உண்டு. ஆப்டிகல் ஒயர் இரண்டாவது தேர்வு. ஒலி நன்றாக இருக்கும், ஆனால் பல டிவிக்களில் சத்தத்துக்கு ஸ்பீக்கர் ரிமோட்டைத் தேட வேண்டிவரும். ப்ளூடூத் மூலம் டிவியை இணைக்காதீர்கள். ஒலி தாமதமாக வருவதால் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகும்.

அப்படியானால் ப்ளூடூத்தே வேண்டாமா?

பாட்டுக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். குழந்தையிலிருந்து பெரியவர் வரை எல்லோருக்கும் தெரிந்த இணைப்பு அது. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பப் பல முறைகள் உண்டு. ஐபோன் வைத்திருப்பவர்கள் அவற்றில் ஏஏசி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஆப்ட்எக்ஸ் என்ற இன்னொரு முறையின் பெயருக்காக அதிகம் கொடுக்க வேண்டாம், ஐபோனில் அது வேலை செய்யாது. போன் அடித்தால் பாட்டு நின்று மணி ஸ்பீக்கரில் ஒலிப்பது பலருக்கு எரிச்சல் தரும். வைஃபை உள்ள ஸ்பீக்கர் பாட்டை இணையத்திலிருந்து தானே எடுக்கும்போது அந்தத் தொல்லை இல்லை, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாலும் பாட்டு நிற்காது.

இரவில் மெதுவாக வைத்தால் பாட்டில் உயிரே இல்லையே?

அது காதின் குணம். சத்தம் குறையக் குறைய, நடு சுரங்களைவிட பாஸ் நமக்கு வேகமாக மறைந்துவிடுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து வரைந்து காட்டினார்கள். பழைய டேப் ரெக்கார்டர்களில் லவுட்னெஸ் என்று ஒரு பட்டன் இருந்ததே, அது இதற்காகத்தான். யமஹாவின் பல ஆம்ப்ளிஃபையர்களில் இன்னும் அதைத் தருகிறார்கள். பட்டன் இல்லாவிட்டால் பாஸ் திருகை இரவில் கொஞ்சம் ஏற்றி, காலையில் பழையபடி வைத்துவிடுங்கள். பக்கத்து அறையில் ஆள் தூங்கும் வீட்டில் பெரும்பாலும் கேட்பதே இந்த மெல்லிய சத்தத்தில்தான். அதனால் பாஸ், ட்ரெபிள் திருகு உள்ள ஸ்பீக்கரை நான் ஒரு படி மேலாகவே மதிக்கிறேன்.

கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்கிறார்.

அவருக்குக் கேட்பது குரல் இல்லை, தளத்தின் வழியாக இறங்கும் பாஸ். சப்வூஃபர் தரையில் இருந்தால் அதை நிறுத்துங்கள், ஸ்பீக்கருக்கு அடியில் பேடு போடுங்கள், பின்துளையை அடையுங்கள். ஒரு முறை அவர் வீட்டில் போய் நின்று கேட்டுவிட்டு, எந்த அளவு வரை தொந்தரவில்லை என்று திருகில் அடையாளம் செய்துகொள்வதுதான் நல்ல அயலாருக்கு அழகு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது வரம்பு.

எந்த நிறம், எந்தப் பூச்சு நாள்பட அழகாக இருக்கும்?

பளபளக்கும் கறுப்பை வாங்காதீர்கள். நம் ஊர்த் தூசி ஒரே நாளில் படிந்துவிடும், துடைத்தால் கோடு விழும். மங்கிய வெள்ளை, வால்நட் மர நிறம் இரண்டும் தேக்கு, மைக்கா எதனோடும் ஒத்துப்போகும். மர நிறத்தில் வரும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகைமேல் ஒட்டிய வினைல் தாள்தான். அதில் தவறில்லை, ஆனால் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் மூலையில் தாள் பிரியும், தண்ணீர் இறங்கினால் எம்டிஎஃப் உப்பிவிடும். உலர்ந்த மெல்லிய துணிதான் அதற்கு. ஸ்பீக்கர் மேல் செடித்தொட்டி வைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

சமையலறை ஹாலோடு சேர்ந்தே இருக்கும் வீடுகளில் தாளிப்புப் புகை துணிமுகப்பில் எண்ணெய்ப் படலமாக ஏறி, அதன்மேல் தூசி ஒட்டும். காந்தத்தில் ஒட்டும், கழற்றித் தட்டக்கூடிய முகப்பு இருந்தால் பராமரிக்க எளிது. பூஜை அலமாரிக்குப் பக்கத்தில், சாம்பிராணியும் கற்பூரமும் காட்டும் தட்டில் வைக்க வேண்டாம்.

சின்னக் குழந்தை இருக்கிறது.

முகப்பைக் கழற்றாதீர்கள். ட்வீட்டரின் குமிழை ஒரு விரலால் அழுத்தினால் போதும், உள்ளே குழிந்துவிடும். உலோகக் குமிழ் திரும்பவும் பழைய வடிவத்துக்கு வராது. ஸ்டாண்டில் வைப்பதும் குழந்தை வளரும்வரை வேண்டாம்.

ஒயர் தெரியவே கூடாது. வழி உண்டா?

ஒயரே இல்லாத ஸ்பீக்கர் என்று சொன்னாலும் கரண்ட் ஒயர் உண்டு. எல்எஸ்எக்ஸ் போன்றவற்றில் இரண்டு ஸ்பீக்கருக்குமே தனித்தனி பிளக் பாயிண்ட் வேண்டும். எடிஃபையர் வகையில் ஒன்றுக்கு மட்டும் கரண்ட், மற்றதற்கு அதிலிருந்து ஓர் ஒயர் போகும். எது உங்கள் ஹாலுக்குத் தோது என்பது பாயிண்ட் எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது.

டிவி யூனிட் செய்துகொண்டிருக்கும்போதே ஆசாரியிடம் சொல்லி, ஒவ்வொரு தட்டின் பின்பலகையிலும் 2 அங்குலத் துளை போட்டு மூடி வைத்துவிடுங்கள். முடிந்த பிறகு சொன்னால் மைக்கா சிம்பு சிம்பாகப் பெயரும். ஸ்பீக்கர் ஒயராக 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் ஐந்தாறு மீட்டருக்குப் போதும். சென்னை ரிட்சி தெருவில் மீட்டர் கணக்கில் வாங்கலாம். முனையைச் சீவிப் பார்த்து, உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடற்காற்று, பூச்சி, கரண்ட் இதெல்லாம்?

கடலோர வீடுகளில் வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமில் இருந்தால் சில வருடங்களில் பொடிந்து உதிரும். ரப்பர் வளையம் உள்ளதையே வாங்குங்கள். பின்னால் உள்ள உலோக முனைகளில் களிம்பு பிடிக்கும். வருடம் ஒரு முறை ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

காற்றுத் துளைக்குள் குளவி மண்கூடு கட்டும் என்பது நம் பக்கத்தில் கவனிக்க வேண்டிய சங்கதி. ஜன்னல் ஓரமாக, அதிகம் பாடாமல் இருக்கும் ஸ்பீக்கர் என்றால் அதற்கு இன்னும் வசதி. ஊருக்குப் போகும்போது ஃபோம் அடைப்பைச் செருகிவிட்டுப் போங்கள்.

கரண்ட் போனதும் இன்வெர்ட்டரில் ஸ்பீக்கர் உறுமினால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும்; சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்த இரைச்சல் வராது. கரண்ட் இருக்கும்போதும் ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருந்தால், செட்டாப் பாக்ஸின் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அங்கிருந்துதான் வரும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் பிளக்கைப் பிடுங்கி வைப்பது எல்லாச் சாதனத்துக்கும் நல்லது.

கடையில் எப்படிக் கேட்டுப் பார்ப்பது?

உங்கள் போனில் உங்களுக்கு நன்றாகப் பழகிய நாலு பாட்டு கொண்டுபோங்கள். ஒரு பெண் குரல், ஓர் ஆண் குரல், மிருதங்கமோ தபலாவோ தெளிவாக வரும் ஒன்று, கூட்டமாக வாத்தியங்கள் ஒலிக்கும் ஒன்று. வீட்டில் கேட்கும் சத்தத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் உரக்கப் பாடுவதே நல்ல ஸ்பீக்கர் என்று காது எப்போதும் ஏமாறும். ஒரு டெசிபல் வித்தியாசமே அதற்குப் போதும். முதல் நிமிடத்தில் அசத்தும் ஸ்பீக்கர் பல நேரங்களில் அரை மணியில் அலுத்துவிடும். அதனால் உட்கார்ந்து கேளுங்கள், வீட்டில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஹாலில் இரண்டு ஸ்பீக்கருக்கு இடமே இல்லை. ஒன்று போதுமா?

இரண்டுக்கும் நடுவே நாலடியாவது இடைவெளி கிடைக்காது என்றால், ஒரே தட்டில் ஜோடியை நெருக்கி வைப்பதைவிட நல்ல ஒற்றை ஸ்பீக்கர் ஒன்று வாங்குவதே சரி. ஹாலில் நடமாடிக்கொண்டே கேட்பவர்களுக்கு அதில் பெரிய இழப்பு இல்லை. 1950களின் சினிமாப் பாட்டும் அந்தக் காலக் கச்சேரி ஒலிப்பதிவுகளும் மோனோவில் பதிவானவைதான், அவற்றைக் கேட்க ஒரு ஸ்பீக்கரே போதும். இரண்டு ஸ்பீக்கர் கொண்ட செட்டை வாங்கி ஒன்றை மட்டும் வைத்தால் பாதி வாத்தியம் காணாமல் போய்விடும். அதனால் இடதையும் வலதையும் தானே சேர்த்துத் தரும் ஒற்றை மாடலாகவே பார்த்து வாங்குங்கள்.